72 இன்னிங்ஸ்

2009 ஜூலை. மதுரையிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவார், நடு வாரத்தில் அவர் நம்பரைப் பார்த்ததும் நெஞ்சு கொஞ்சம் படபடத்தது. நல்லவேளை, கெட்ட செய்தி ஒன்றுமில்லை. "ஏம்ப்பா, உங்க ஊரு பேஸ்பால்ல நம்ம நாட்டுப் பையன் ஒருத்தன் ஜெயிச்சுட்டானாமே, பேப்பர்ல போட்டிருக்கான். அவன் மேல வந்துருவானா?"

அவர் கேட்டது ரிங்கு சிங்கைப் பற்றி. உத்தரப் பிரதேசத்துப் பதோஹி பக்கத்துக் கிராமத்துப் பையன், இடது கை. 2008-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று ஒரு டிவி போட்டி நடத்தினார்கள், யார் வேகமாகவும் குறி தவறாமலும் எறிகிறார்கள் என்று. பல்லாயிரம் பேர் வரிசையில் நின்ற அந்தப் போட்டியில் 87 மைல் வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் பரிசு வாங்கியவர். அதற்கு முன்னால் பேஸ்பால் என்பதையே கேள்விப்படாதவர். அந்த ஆண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி அவரையும் கூட வந்த தினேஷ் படேலையும் ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஜூலையில் ஃப்ளோரிடாவில், மைனர் லீகின் அடிப்படியில், ஒரு ஆட்டத்தின் வெற்றி ரிங்குவின் பெயரில் எழுதப்பட்டது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஒரு இந்தியருக்கு அதுதான் முதல் வெற்றி.

சித்தப்பாவிடம் அன்றைக்கு "பார்க்கலாம் சித்தப்பா" என்றுதான் சொன்னேன். எனக்கே தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி கூடவே வந்துவிட்டது. ஒரு மைனர் லீக் ரிலீவர் மேலே வருவானா மாட்டானா என்பதை எதை வைத்துச் சொல்வது? இத்தனை வருஷமாக இங்கே வட கரோலினாவில், டர்ஹாம் மைதானத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருப்பதே அதைத்தான்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது பந்தை எறிபவர், ஐந்தாறு இன்னிங்ஸ் (இங்கே இன்னிங்ஸ் என்றால் மூன்று அவுட்தான்) போட்டுக் களைத்ததும், மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னிலிருந்து ஒருவரை இறக்குவார்கள், அவர்தான் ரிலீவர். ஒரு இன்னிங்ஸ், சில நாள் இரண்டு. நம் கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களுக்கென்றே ஒரு பௌலரை வைத்திருப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி வேலை. மைனர் லீக் என்பது மேஜர் லீக் அணிகள் தங்கள் ஆட்களை வளர்க்கிற நாற்றங்கால். ரூக்கி, ஏ, டபுள் ஏ, ட்ரிப்பிள் ஏ என்று படிகள்.

அந்தப் போட்டியை நடத்தியவர்கள் இந்தியாவுக்கு வந்ததே கிரிக்கெட் பௌலர்களை நம்பித்தான். ஆனால் ஜெயித்த இருவரும் ஈட்டி எறிபவர்கள். யோசித்தால் ஆச்சரியமில்லை. கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நிமிர்த்தினால் த்ரோ என்று நோ பால் கொடுத்துவிடுவார்கள். பேஸ்பாலிலோ அந்த மடக்கும் நிமிர்த்தலும்தான் வேகமே. சின்ன வயதிலிருந்து கையை நேராக வைத்துப் பழகிய பௌலர் அதை மறக்கவே வருஷங்கள் ஆகும், ஈட்டிக்காரருக்கு மறக்க வேண்டியது எதுவுமில்லை. இந்த முழங்கைக்கு அப்புறம் வருகிறேன்.

2012-ல் ரிங்கு வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணியில் இருந்தார், முழுப் பருவம் ஆடும் ஏ நிலைகளில் கீழ்ப்படி. அந்த அணி எங்கள் மாநிலத்து கிரீன்ஸ்பரோவுக்கு ஆட வந்தபோது, கேரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு இரவு. இரண்டு இரவும் அவர் இறங்கவில்லை. தொடங்கும் பிட்சர் என்றால் நாள் குறித்திருக்கும், முன்கூட்டியே டிக்கெட் வாங்கலாம். ரிலீவரை எப்போது இறக்குவார்கள் என்று அவருக்கே தெரியாது. ஏழாவது இன்னிங்ஸில் புல்பென்னில் ஒருவர் எழுந்து தோளைச் சுழற்றுவார், நமக்கு ஆவல் வரும், பிறகு அவரே உட்கார்ந்துவிடுவார். தூரத்திலிருந்து ஒரு உயரமான இடதுகைக்காரர் வேலிமேல் சாய்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதன் பிறகு அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்கோர் அட்டைகளும் சில வீடியோக்களும்தான்.

ஆனால் ஸ்கோர் அட்டைகள் நிறையப் பேசும், கேட்கத் தெரிந்தால்.

அந்த 2012 பருவம் ரிங்குவின் மிகச் சிறந்த ஆண்டு. 39 ஆட்டம், 72 இன்னிங்ஸ், மூன்று வெற்றி ஒரு தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.00, ஸ்ட்ரைக்அவுட் (மட்டைக்காரரைப் பந்தை அடித்து ஆட விடாமலேயே அவுட் ஆக்குவது) 65. ஈ.ஆர்.ஏ. என்றால், ஃபீல்டர் பிழையால் வந்ததைக் கழித்து, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு. மூன்று என்பது நல்ல எண். இதை மட்டும் பார்த்தால் "ஆமா சித்தப்பா, வந்துருவான்" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 72 இன்னிங்ஸில் 3.00 என்றால் மொத்தம் 24 ரன். அதே 72 இன்னிங்ஸில் 32 ரன் போயிருந்தால் ஈ.ஆர்.ஏ. 4.00, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஐந்து மாதப் பருவத்தில் எட்டு ரன்தான் வித்தியாசம். ஷார்ட்ஸ்டாப் என்கிற ஃபீல்டர் ஒரு எட்டு தள்ளி நின்றிருந்தால், இரண்டு ஆளுக்கு நடுவில் சோளப்பொரி மாதிரி ஒரு பந்து விழாமல் இருந்திருந்தால், அந்த எட்டு ரன் வரும், போகும். தொடங்கும் பிட்சர் வருஷத்துக்கு 150 இன்னிங்ஸ் போடுகிறார், அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் ஓரளவு கழிந்துவிடும். ரிலீவருக்கு அந்த அவகாசம் கிடையாது.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ரிலீவர் இறங்கும்போது பேஸ்களில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள், அவர்கள் முந்தைய பிட்சர் விட்டுப்போன ஆட்கள். இவர் முதல் பந்திலேயே அடி வாங்கி இருவரும் ஓடி வந்துவிட்டால் அந்த இரண்டு ரன்னும் போனவர் கணக்கில்தான் ஏறும். தீயை அணைக்க வந்தவர் வீட்டை எரியவிட்டாலும் அவர் ஏட்டில் கறை படியாது. அதனால் ரிலீவரின் ஈ.ஆர்.ஏ.-வை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன், சில சமயம் பார்ப்பதே இல்லை.

முதலில் பார்ப்பது வயதையும் படியையும். ரிங்குவுக்கு அந்த ஆகஸ்டில் 24 முடிந்தது. அந்த லீகில் எதிரே மட்டை பிடித்தவர்கள் பெரும்பாலும் 20, 21, 22 வயதுப் பிள்ளைகள், கல்லூரியிலிருந்தோ பள்ளியிலிருந்தோ நேரே வந்தவர்கள். பத்தாம் வகுப்புப் பையன் எட்டாம் வகுப்புப் பரீட்சையில் எண்பது வாங்கினால் எப்படி எடுத்துக்கொள்வோம்? அப்படி. ஆனால் இங்கே ஒரு நியாயமும் இருக்கிறது, அதை விடக்கூடாது. மற்ற 24 வயதுக்காரர்கள் ஏழு வயதிலிருந்து கையுறை மாட்டியவர்கள், இவர் 20 வயதில் மாட்டியவர். ஆட்டத்தோடு அவருக்கு நான்கே வருஷப் பழக்கம். முதல் வருஷம் ஃப்ளோரிடாவில் ஈ.ஆர்.ஏ. 5.84. அங்கிருந்து மூன்று பருவத்தில் 3.00, அதுவும் மேல் படியில். ஈ.ஆர்.ஏ.-வை நம்பாதவன் இதை மட்டும் ஏன் சொல்கிறாய் என்று கேட்கலாம். எண்ணை நான் முழுசாக நம்பவில்லை. ஆனால் அந்த மூன்று வருஷத்தில் பைரட்ஸ் அவரைத் திரும்ப அனுப்பவில்லை, படி ஏற்றினார்கள், இன்னிங்ஸைக் கூட்டினார்கள். தினேஷ் படேலை 2010 முடிவில் விட்டுவிட்டார்கள். தினம் தினம் பார்க்கிற பயிற்சியாளர்களின் தீர்ப்பு அது, எனக்கு அது எண்ணைவிடப் பெரிது.

அடுத்தது ஸ்ட்ரைக்அவுட். 72 இன்னிங்ஸில் 65 என்றால் ஒன்பது இன்னிங்ஸுக்கு எட்டு. ரிலீவர் ஒரு இன்னிங்ஸுக்காக முழு பலத்தையும் போடுகிறார், மட்டைக்காரர் அவரை அன்றைக்கு ஒரே முறைதான் சந்திக்கிறார். இவ்வளவு சாதகம் இருந்தும் இன்னிங்ஸுக்கு ஒருவரைக்கூட முழுசாக மட்டையில் படாமல் அனுப்ப முடியவில்லை என்றால், மேலே போகப் போக அது சுருங்கும். டபுள் ஏ-வில் மட்டைக்காரன் கோட்டுக்கு வெளியே போகும் வளைந்த பந்தைத் துரத்த மாட்டான். கீழே ஸ்ட்ரைக்அவுட் ஆன அதே பந்து அங்கே 'பால்' ஆகும், நாலு பால் சேர்ந்தால் அவன் நடந்தே முதல் பேஸுக்குப் போய்விடுவான்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு ஒப்பீடு உண்டு, கொஞ்சம் வலிக்கும் ஒப்பீடு. அதே 2012. இன்னொரு இடதுகை ரிலீவர், ஷான் டூலிட்டில், ஓக்லண்ட் அணி. ரிங்குவைவிட இரண்டு வயது மூத்தவர். கல்லூரியில் பிட்ச் பண்ணியிருந்தாலும், ஓக்லண்ட் அவரை முதல் பேஸ்காரராகத்தான் எடுத்தது. முழங்கால், மணிக்கட்டு என்று அடுத்தடுத்து காயம், மட்டை போச்சு. சரி, பழையபடி எறிந்துதான் பாரேன் என்றார்கள். 2012-ஐ ஹை ஏ-வில் தொடங்கினார். டபுள் ஏ, ட்ரிப்பிள் ஏ என்று தாவி, ஜூன் முதல் வாரத்தில் மேஜர் லீக் மேட்டில், அதாவது பிட்சர் நின்று எறியும் இடத்தில், நின்றார். மைனர் லீகில் அந்த வருஷம் அவர் போட்டதே சுமார் 25 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்குக் கிட்டத்தட்ட இரண்டு ஸ்ட்ரைக்அவுட். மேலே போனபிறகும் 47 சொச்சம் இன்னிங்ஸில் 60 பேர். பின்னால் 2019-ல் வாஷிங்டன் அணியோடு உலகத் தொடரும் ஜெயித்தார்.

இருவருக்கும் வயது தாமதம், இருவரும் வேறு வேலையிலிருந்து மேட்டுக்கு வந்தவர்கள், இருவரும் இடது கை. அப்படியானால் வித்தியாசம்? டூலிட்டிலின் ஃபாஸ்ட்பால். தொண்ணூற்றைந்து மைலை ஒட்டி வரும், அதைவிட முக்கியம், விழ வேண்டிய அளவு விழாமல் மட்டைக்கு மேலே வழுக்கிக்கொண்டு போகும். வருகிறது என்று தெரிந்தும் அடிக்க முடியாது. ரிங்குவுடையது தொண்ணூறைத் தொட்டு நின்றது. அன்றைய மேஜர் லீக் ரிலீவர்களின் சராசரியே அதற்கு மேல். அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் 20-லிருந்து 80 வரை மதிப்பெண் போடுவார்கள், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. என் நோட்டில் அவர் ஃபாஸ்ட்பாலுக்கு 40 என்று எழுதியிருந்தேன், இன்றைக்கும் மாற்ற மாட்டேன்.

அப்படியென்றால் வாய்ப்பே இல்லையா என்றால், இருந்தது. அந்தக் காலத்தில் இடதுகை ரிலீவருக்கென்று ஒரு சின்ன வேலை உண்டு: எதிரணியின் பெரிய இடதுகை மட்டைக்காரன் வரும்போது இறங்கி அவன் ஒருவனை மட்டும் அவுட் ஆக்கிவிட்டுப் போய்விடலாம். அந்த வேலைக்கு 95 மைல் வேண்டாம், இடதுகைக்காரன் கண்ணிலிருந்து ஓடி மறைகிற ஒரு வளைபந்து போதும். நாற்பது வயதுவரை அதை வைத்தே பிழைத்தவர்கள் உண்டு. (2020-ல் இறங்கினால் குறைந்தது மூன்று பேரையாவது சந்திக்க வேண்டும், இல்லை அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்று விதி போட்டார்கள், அந்த வேலை அத்தோடு போயிற்று.) ஆனால் 39 ஆட்டத்தில் 72 இன்னிங்ஸ் என்பது தடவைக்குக் கிட்டத்தட்ட இரண்டு இன்னிங்ஸ். பைரட்ஸ் அவரை அந்த ஒற்றையாள் வேலைக்குத் தயார் செய்யவில்லை, எறிந்து எறிந்து கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதே நேரம் மேலே டோனி வாட்சன், ஜஸ்டின் வில்சன் என்று இரண்டு இடதுகைக்காரர்கள் அதே அணியின் நாற்றங்காலிலிருந்து போய் உட்கார்ந்துவிட்டார்கள். இருவரும் ரிங்குவைவிட நல்ல வேகம். 2013-ல் இருபது வருஷத் தோல்விக்குப் பிறகு பைரட்ஸ் தலைதூக்கியதில் அந்த புல்பென்னுக்குப் பெரிய பங்கு. அங்கே இடம் காலி இல்லை.

வேகம் மட்டும் போதும் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சாட் பிராட்ஃபோர்ட் என்று ஒரு ரிலீவர், கை விரல் முட்டி மண்ணில் உரசுகிற அளவு தாழ்ந்து எறிவார், வேகம் எண்பதுகளில்தான். ட்ரிப்பிள் ஏ-வில் இரண்டுக்கும் குறைவான ஈ.ஆர்.ஏ. வைத்திருந்தும் எறிகிற விதத்தைப் பார்த்தே ஸ்கவுட்டுகள் நம்பவில்லை. அவர் மேலே வந்ததும் நின்றதும் மட்டைக்காரர்கள் அவர் பந்தைத் தரையில் மட்டுமே அடிக்க முடிந்ததால். மரியானோ ரிவேரா கதை இன்னும் பெரியது. 1992-ல் முழங்கை அறுவை சிகிச்சை, அந்த நவம்பரில் புதிய அணிகள் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்ட பட்டியலில் அவர் பெயர், எடுக்க ஆளில்லை. 1995-ல் அவருடைய நியூயார்க் யாங்கீஸ் அணி மேலே ஏற்றி, சரிவராமல், தோள்வலியோடு கொலம்பஸில் இருந்த தன் ட்ரிப்பிள் ஏ அணிக்குத் திருப்பி அனுப்பியது. அங்கே ஒரு நாள் திடீரென்று பந்து 95 மைல் காட்டியது. கருவி கோளாறு என்று நினைத்து வேறு கருவியை வைத்துச் சரிபார்த்ததாகச் சொல்வார்கள். அவரைக் கொடுத்து இன்னொருவரை வாங்கும் பேச்சு அப்படியே நின்றது. பிறகு 652 சேவ், அதாவது அத்தனை ஆட்டங்களில் அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்துக் கொடுத்தார். ஆகவே ரிலீவர் விஷயத்தில் "இனி வாய்ப்பில்லை" என்று அடித்துச் சொல்ல எனக்கு நாக்கு வராது. தொடங்கும் பிட்சராகத் தோற்றவர்கள், மட்டை வராதவர்கள், எல்லோரும் கடைசியாக வந்து நிற்கிற வாசல் அது. ஒரே ஒரு பந்து கூர்மையானால் போதும், கதவு திறந்துவிடும்.

அந்த ஒரு பந்தைத்தான் நான் டர்ஹாமில் தேடுகிறேன். டர்ஹாம் புல்ஸ் டாம்பா பே ரேஸ் அணியின் ட்ரிப்பிள் ஏ, ரிலீவர்களைத் தேடிப்பிடித்துச் செதுக்குவதில் பேர் போன அணி. இடது பக்கம் அந்த உயரமான நீலச் சுவர், அதன்மேல் காளை. நான் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், வலைக்கு நேரே உட்காருவேன். 2023-லிருந்து ட்ரிப்பிள் ஏ-வில் ஒவ்வொரு பந்தின் வேகமும் சுழற்சியும் போனிலேயே வந்துவிடுகிறது, ஆனால் முதல் பத்துப் பந்துக்குப் போனை எடுக்க மாட்டேன். இரண்டு விஷயம் பார்ப்பேன்.

ஒன்று, ஃபவுல், அதாவது மட்டையில் பட்டு ஆட்டக் கோட்டுக்கு வெளியே போகும் பந்து, எந்தப் பக்கம் போகிறது. வலதுகை மட்டைக்காரன் ஃபாஸ்ட்பாலுக்குத் தாமதமானால் பந்து முதல் பேஸ் பக்கத்து இருக்கைகளுக்குப் பறக்கும். நேராகப் பின்னால் வந்து என் முகத்துக்கு எதிரே வலையில் 'சட்'டென்று அடித்தால் அவனுக்கு நேரம் பிடிபட்டுவிட்டது, அடுத்தது ஆபத்து. மூன்றாம் பேஸ் பக்கம் போனால் காத்திருந்து முந்தியே அடிக்கிறான், பிட்சருக்கு வேகம் போதவில்லை. போன வருஷம் ஒரு இரவு எட்டாவது இன்னிங்ஸில் ஒரு ஒல்லிப் பையன் இறங்கினான். பலகையில் 93 மட்டும்தான், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஐஸ்க்ரீம் வாங்க எழுந்து போய்விட்டார். ஆனால் வந்த மூன்று வலதுகைக்காரர்களும் அடித்த ஐந்து ஃபவுலும் முதல் பேஸ் பக்கம். 93-க்குத் தாமதமாகிறார்கள் என்றால், கண்ணுக்கு அது 93 ஆகத் தெரியவில்லை என்று அர்த்தம். கையை உடம்புக்குப் பின்னால் கடைசி நொடிவரை மறைத்து வைத்திருந்தான், பந்து அவன் காதோரத்திலிருந்து திடீரென்று முளைத்தது. அன்றைக்கு அவன் பெயருக்கு நேரே நோட்டில் கோடு போட்டேன்.

இரண்டாவது, கேட்சரின் கையுறை. பந்து வருமுன் அவர் கையுறையை ஒரு இடத்தில் காட்டி வைப்பார். பந்து விழும்போது அது எவ்வளவு நகர்கிறது? வெளி ஓரத்தில் முழங்கால் உயரத்தில் காட்டியது, தோள் உயரத்துக்குத் தாவிப் பிடிக்க வேண்டியிருந்தால், ஸ்ட்ரைக் விழுந்தாலும் அது எறிந்தவன் நினைத்த ஸ்ட்ரைக் இல்லை. நூறு மைல் போடும் எத்தனையோ பேர் ட்ரிப்பிள் ஏ-விலேயே தேங்கி நிற்பது இதனால்தான்.

முடிந்தால் அடுத்த நாளும் போவேன். ரிலீவர் தொடர்ந்து இரண்டாம் நாள் எறியும்போது நேற்றைய 97 இன்றைக்கு 94 ஆகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே அந்த வேலையே தினக்கூலி மாதிரிதான், நாளைக்கும் வா என்பார்கள்.

இதெல்லாம் பார்த்தாலும் பார்க்க முடியாதது முழங்கை. அதன் உள்பக்கத்தில் ஒரு சின்ன லிகமென்ட், ஒவ்வொரு எறியிலும் இழுபடுகிறது. அந்தக் காயத்தை மருத்துவர்கள் முதலில் எழுதி வைத்தது பேஸ்பால்காரர்களிடம் பார்த்து அல்ல, 1946-ல், ஈட்டி எறிபவர்களிடம். ரிங்குவின் கை இரண்டு தொழிலின் சுமையையும் சுமந்த கை. 2013-ல் அது அறுந்தது. டாமி ஜான் அறுவை சிகிச்சை, உடம்பின் வேறொரு இடத்துத் தசைநாரை எடுத்து அங்கே கோத்துக் கட்டுவது. 1974-ல் முதன்முதலாகச் செய்தது, இன்று சாதாரணம். திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். இருபது வயதுப் பையனுக்கு அந்த ஒரு வருஷம் கிடைக்கும், ஏ நிலையில் இருக்கும் 25 வயதுக்காரருக்கு அது சொத்தை விற்றுக் கட்டும் வட்டி. பிறகும் காயங்கள். ஏ நிலைக்கு மேல் அவர் ஏறவேயில்லை.

அந்த முழங்கை நின்றிருந்தால்? டபுள் ஏ போயிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வேகத்தில் கற்றுக்கொண்டவர் அங்கேயும் ஒரு பருவம் தாக்குப்பிடித்திருப்பார். அதற்கு மேல் ஒரு புதுப் பந்து தேவைப்பட்டிருக்கும், அது வந்ததா என்று பார்க்கும் சந்தர்ப்பம் யாருக்கும் கிடைக்கவில்லை. பத்தில் ஒன்று என்று சொல்வேன். 20 வயதில் முதல்முறையாகப் பந்தைத் தொட்டவருக்கு அது எவ்வளவு பெரிய எண் என்று பேஸ்பால் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

2018-ல் ரிங்கு மல்யுத்தத்துக்குப் போனார். WWE என்று நாம் டிவியில் பார்ப்போமே, அதில் நெற்றியில் திருநீறும் நீண்ட தாடியுமாக வீர் மகான் என்ற பெயரில் வந்தார். சித்தப்பா வீட்டில் பேரன் அதற்கு அடிமை. ஒரு நாள் அவனோடு உட்கார்ந்து பார்த்தவருக்கு யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது, உடனே எனக்கு போன். இந்த முறையும் நடு வாரம்.

"இவன் அந்த பேஸ்பால் பையன்தானே? ஆளு மலை மாதிரி ஆயிட்டான்."

"அவர்தான் சித்தப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. டிவி சத்தம் மட்டும் கேட்டது.

"ஒருத்தனை இடது கையாலதான் தூக்கிப் போட்டான். அந்த முழங்கை இப்ப வலிக்காதாமா அவனுக்கு?"